அபராதம் யாருக்குப் போய்ச் சேருகிறது? சாலை மரணமும் சட்டத்தின் இரு வழிகளும்

2018-ஆம் ஆண்டு ஒரு மழை நாள் மாலையில் என் தந்தை ஓட்டிச் சென்ற கார் மோதி ஒருவர் இறந்துபோனார். அப்போது நான் இரண்டாம் படிவ மாணவன். இறந்தவர் எங்கள் தாமானுக்கு அடுத்த தாமானில் குடியிருந்தவர். தொழிற்சாலை வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகச் சாலையைக் கடந்துகொண்டிருந்தார். வயது 44. மனைவியும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளும் இருந்தனர்.

அப்பா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 ரிங்கிட் அபராதம் கட்டினார். அம்மாவின் நகைகள் அடகுக் கடைக்குப் போயின. அன்று வீடு திரும்பியதும் அப்பா சொன்ன ஒரே ஆறுதல் வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

"போகட்டும். அந்தப் பணமாவது அந்தப் பிள்ளைங்களுக்குப் போய்ச் சேரும்."

ஏழாண்டுகள் அவர் அப்படியே நம்பியிருந்தார். நாங்களும் நம்பினோம். பல்கலைக்கழகத்தில் சட்டத்துறையில் சேர்ந்து, 2025-இல் தீங்கியல் சட்டம் படித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அபராதம் அரசாங்கத்துக்குச் செலுத்தப்படுவது. அந்த 5,000 வெள்ளியில் ஒரு காசுகூட அந்தக் குடும்பத்துக்குப் போகவில்லை.

நம் மக்களில் வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள் ஏராளம். சாலையோரம் நடந்து வேலைக்குப் போகிறவர்களும் ஏராளம். ஆகவே, பாதசாரி ஒருவர் வாகனம் மோதி இறந்தால் ஓட்டுநருக்கு என்ன நேர்கிறது, இறந்தவரின் குடும்பத்துக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது அறிந்திருக்க வேண்டும். நான் இன்னும் வழக்கறிஞன் அல்லன், மாணவன்தான். பாடத்தில் கற்றதையும் எங்கள் வீட்டில் கற்றதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

விபத்து நடந்த அந்த நேரத்தில்

நம் நாட்டில் இதற்கு அடிப்படையான சட்டம் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதன் 52-ஆம் பிரிவு, விபத்தில் சிக்கிய ஓட்டுநரின் கடமைகளைச் சொல்கிறது. வாகனத்தை நிறுத்த வேண்டும். கேட்க உரிமை உள்ளவர்களிடம் பெயர், முகவரி, வாகன விவரங்களைக் கொடுக்க வேண்டும். தம்மால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும். கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போலீஸ் நிலையத்தில் புகார் செய்ய வேண்டும். மரணமோ கடுமையான காயமோ நேர்ந்திருந்தால் போலீசாரின் அனுமதியின்றி வாகனத்தை நகர்த்தக் கூடாது. அடியில் சிக்கியவரை மீட்பது போன்ற அவசரத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு.

"நின்றால் அடிப்பார்கள்" என்று பயந்து ஓடிவிடுகிறவர்கள் உண்டு. கூட்டம் மிரட்டினால் நேராக அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்குப் போவது வேறு. வீட்டுக்குப் போய் ஒளிந்துகொள்வது வேறு. ஓடுவது தனிக் குற்றம். விபத்தில் ஓட்டுநரின் தவறு சிறிதாகவே இருந்தாலும் ஓடியவரின் சொல்லை நம்ப வைப்பது கடினம்.

அப்பா ஓடவில்லை. மழையில் நின்று 999-க்கு அழைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த மனிதரின் தலையைத் தம் மடியில் வைத்திருந்தார். முதலில் வந்த போலீஸ்காரரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "சாயா சாலா, துவான்" என்பதுதான்.

'சுவாய்' என்ற சொல்

அப்பா தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். மலாய் பேசுவார், வாசிக்கச் சிரமப்படுவார். அதனால் மறுநாள் போக்குவரத்துப் போலீஸ் நிலையத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன நான்தான் வீட்டின் மொழிபெயர்ப்பாளன். மின்சாரக் கட்டணத் தாள் முதல் மருத்துவமனைக் கடிதம் வரை நான் வாசித்துச் சொல்வது வழக்கம்.

தட்டச்சு செய்த வாக்குமூலத்தை அப்பா என்னிடம் நீட்டினார். அதில் 'சுவாய்' என்ற சொல் இருந்தது. கணக்கில் கூட்டலைத் தவறவிட்டால் எங்கள் ஆசிரியர் நோட்டில் சிவப்பு மையால் எழுதும் சொல் அது. "கவனமா இல்லைன்னு போட்டிருக்குப்பா, அவ்வளவுதான்" என்றேன். அப்பா கையொப்பமிட்டார்.

அந்தச் சொல் ஒரு சட்டப் பிரிவின் பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்தச் சொல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல ஆண்டுகள் கழித்து அப்பாவே என்னிடம் சொன்னார். கண்ணாடியில் ஆவி படிந்து மறைத்திருக்கிறது. ஒரு கையால் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். நிறுத்தித் துடைத்திருக்க வேண்டும். ஆனால், ஒருவர் தாம் எதில் கையொப்பமிடுகிறோம் என்பதை அறிந்து கையொப்பமிட வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவும் அதையே கூறுகிறது. வாக்குமூலம் எந்த மொழியில் சொல்லப்பட்டதோ அந்த மொழியில் வாசித்துக் காட்டி, திருத்தம் செய்ய வாய்ப்பளித்த பிறகே கையொப்பம் பெற வேண்டும். தமிழில் பேசுகிறவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். பதினான்கு வயதுப் பையனை நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஓட்டுநர் கைது செய்யப்பட்டால், உறவினர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் தடுத்து வைக்க மாஜிஸ்திரேட்டின் ஆணை வேண்டும். வசதி குறைந்த குடிமக்களுக்குக் கைது, தடுப்புக்காவல் நேரங்களில் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர்கள் இலவசமாக உதவுகிறார்கள்.

முதல் வழி: குற்றவியல்

ஒருவர் இறந்துவிட்டார் என்பதாலேயே ஓட்டுநர் சிறைக்குப் போவதில்லை. இதைப் பலர் அறிவதில்லை. விளைவு ஒன்றுதான், மரணம். ஆனால் வாகனம் எப்படி ஓட்டப்பட்டது என்பதைப் பொறுத்தே குற்றச்சாட்டு அமைகிறது. சாலை, வேகம், வெளிச்சம், பிரேக் தடம், கேமராப் பதிவு, சாட்சிகள் ஆகியவற்றைப் போலீசார் விசாரிப்பர். என்ன குற்றம் சாட்டுவது, குற்றம் சாட்டுவதா வேண்டாமா என்பதை அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர் முடிவு செய்வார். ஓட்டுநர்மீது தவறில்லை என்று கண்டால் கோப்பு மூடப்படுவதும் உண்டு.

குற்றம் சாட்டப்படுமானால், பெரும்பாலும் மூன்று பிரிவுகளில் ஒன்று வரும்.

43-ஆம் பிரிவு: கவனக்குறைவாகவும் பிறரைப் பற்றிய அக்கறையின்றியும் ஓட்டுதல். இதுதான் 'சுவாய்'. சிறை 12 மாதத்துக்கு மேற்படாது. அபராதம் 10,000 ரிங்கிட்டைத் தாண்டாது. என் தந்தை இந்தப் பிரிவின் கீழ்தான் குற்றம் சாட்டப்பட்டார்.

41-ஆம் பிரிவு: கண்மூடித்தனமாகவோ பொதுமக்களுக்கு அபாயம் விளையும் வகையிலோ ஓட்டி மரணம் விளைவித்தல். 2018-இல் இதற்கு 2 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 5,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமும் இருந்தன. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த திருத்தம் இதைக் கடுமையாக்கியது. முதல் முறை குற்றத்துக்கே 5 முதல் 10 ஆண்டு வரை சிறை. 20,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம். ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க ஐந்தாண்டுக்குக் குறையாத தடை. குறைந்தபட்சச் சிறை ஐந்தாண்டு என்பதால், இந்தப் பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு "அபராதத்தோடு முடித்துக்கொள்ளலாம்" என்று நினைப்பது பெரும் ஆபத்து.

44-ஆம் பிரிவு: மது அல்லது போதைப்பொருளின் மயக்கத்தில் ஓட்டி மரணம் விளைவித்தல். அதே திருத்தத்துக்குப் பின் முதல் முறைக்கு 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. 50,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம். இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட மதுவின் அளவும் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது.

'கவனக்குறைவு' என்பதற்கும் 'கண்மூடித்தனம்' என்பதற்கும் இடையில் இருப்பது ஐந்தாண்டுச் சிறை. நாளிதழ்ச் செய்தியில் இரண்டும் மாறி மாறி வரும். நீதிமன்றத்தில் அப்படி மாற்றிப் போட முடியாது. இதற்கு நாடறிந்த ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதில் இறந்தவர்கள் பாதசாரிகள் அல்லர். ஆனால் வழக்கு இதே 41-ஆம் பிரிவைச் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் ஜோகூர் பாருவில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் மிதிவண்டிகளில் சென்ற எட்டுப் பதின்ம வயதினர் கார் மோதி இறந்தனர். ஓட்டி வந்த பெண்ணை மாஜிஸ்திரேட் நீதிமன்றம் 2019-லும் 2021-லும் விடுவித்தது. 2022-இல் உயர் நீதிமன்றம் ஆறாண்டுச் சிறையும் 6,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்றச்சாட்டு வரையப்பட்ட விதமே குறைபாடுடையது என்று கூறி அவரை விடுவித்தது. எட்டு உயிர்கள் போன வழக்கிலும் குற்றச்சாட்டின் வாசகம் எப்படி அமைந்திருக்கிறது என்பதே இறுதியில் முடிவைத் தீர்மானித்தது. சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்வது தமிழ் மாணவர்களாகிய நமக்குத் தேர்வுக்கு மட்டும் உரிய வேலையன்று.

இந்த வழியில் இறந்தவரின் குடும்பம் ஒரு தரப்பே அல்ல. வழக்கு அரசாங்கத்துக்கும் ஓட்டுநருக்கும் இடையில் நடப்பது. அதனால்தான் அபராதமும் அரசாங்கத்துக்குப் போகிறது.

இரண்டாம் வழி: இழப்பீடு

குடும்பத்துக்கு உரிய வழி உரிமையியல் வழக்கு. அதற்கு 1956-ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடம் தருகிறது. இறந்தவரை நம்பி வாழ்ந்த மனைவி அல்லது கணவன், பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்காக இந்த வழக்கைத் தொடுக்கலாம். குற்றவியல் வழக்கு முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஓட்டுநர் தண்டிக்கப்பட்டாலும் விடுவிக்கப்பட்டாலும், இந்த உரிமை தனியே நிற்கிறது. அங்கே குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட வேண்டும். இங்கே எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று காட்டினால் போதும். ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அதுவும் இங்கே சான்றாகப் பயன்படக்கூடும்.

கணக்கு எப்படிப் போடப்படுகிறது? இறந்தவர் மாதந்தோறும் குடும்பத்துக்குக் கொடுத்து வந்த தொகையை, சட்டம் சொல்லும் ஆண்டுகளின் எண்ணிக்கையால் பெருக்குவர். இறந்தவருக்கு வயது 30-ம் அதற்குக் கீழுமானால் அந்த எண் 16. வயது 31 முதல் 59 வரை என்றால் 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 44 வயதுக்காரருக்கு 8 வரும். மாதம் 1,000 ரிங்கிட் வீட்டுக்குக் கொடுத்தவர் என்றால், 1,000 x 12 x 8 = 96,000 ரிங்கிட். கணவனை இழந்த மனைவியின் துயரத்துக்காகத் தனியே 30,000 ரிங்கிட். மொத்தம் 126,000. ஈமச்சடங்குச் செலவையும் கோரலாம்.

2019 செப்டம்பரில் சட்டம் திருத்தப்படுவதற்கு முன் வயது வரம்பு 55 ஆகவும், துயரத்துக்கான தொகை 10,000 ஆகவும் இருந்தன. அந்தப் பழைய கணக்கின்படியே பார்த்தாலும் 2018-இல் இறந்த 44 வயதுக்காரருக்கு எண் 5.5. அதே மாத வருமானத்துக்கு 66,000-மும் 10,000-மும் சேர்ந்து 76,000 ரிங்கிட்.

பாதசாரியின்மீதும் தவறு இருந்தால்? வழக்கு விழுந்துவிடாது. தவறு பங்கிடப்படும். இருட்டில் இருபுறமும் பார்க்காமல் கடந்தார் என்று நீதிமன்றம் 30 விழுக்காடு தவறை அவர்மீது வைத்தால், 76,000-இல் 30 விழுக்காடு குறைந்து 53,200 கிடைக்கும். "அவர் மேலும் தப்பு இருக்கே, எங்கே கொடுக்கப்போறாங்க" என்று சும்மா இருந்துவிடுவது சரியல்ல.

இந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது? அதை அறிந்தபோதுதான் எனக்கு நெஞ்சு கனத்தது. சாலையில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். மரணத்துக்கான இழப்பீட்டைக் காப்புறுதி நிறுவனம் கொடுக்கும். அப்பாவின் பழைய புரோட்டான் சாகாவுக்கும் அந்தக் காப்புறுதி இருந்தது. ஆண்டுதோறும் தவறாமல் கட்டியிருக்கிறார். அந்தக் குடும்பம் கேட்டிருந்தால் அப்பா இழந்திருக்கக்கூடியது அடுத்த ஆண்டுக் காப்புறுதிக் கட்டணத்தின் கழிவு மட்டுமே. கேட்டால் நம் வீடு ஏலத்துக்குப் போய்விடும் என்று நாங்கள் பயந்துகொண்டிருந்தோம்.

இந்த வழிக்குக் கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. 7-ஆம் பிரிவின் கீழ் வழக்கை இறப்பு நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் தொடுக்க வேண்டும். அவர் இறந்தது 2018. மூன்றாண்டு 2021-இல் முடிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது 2025-இல்.

அந்த வீட்டில்

அப்பாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. "இப்போ போய்ச் சொன்னா என்னப்பா ஆகும்?" என்று கேட்டார். "சட்டப்படி ஒன்னும் ஆகாதுப்பா" என்றேன். "அப்ப வா, போவோம்" என்றார்.

ஏழாண்டுகளாகக் கோயில் திருவிழாவில் அந்த அம்மாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போனவர், அன்று அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அந்த அம்மா எங்களை உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார். நான் விவரத்தைச் சொன்னேன். "கோர்ட்டுல கேஸ் முடிஞ்சிருச்சுன்னு சொன்னாங்க தம்பி. அதோட எல்லாம் முடிஞ்சதுன்னு நெனச்சேன்" என்றார்.

மருத்துவமனைப் பிணவறை வாசலிலேயே ஒருவன் வந்து, இன்சூரன்ஸ் பணம் வாங்கித் தருகிறேன், எனக்கு முப்பது விழுக்காடு கொடு என்று தாளை நீட்டியிருக்கிறான். அந்த அம்மா விரட்டிவிட்டார். விரட்டியது சரி. இப்படி ஆள் பிடிப்பதற்கும், கிடைக்கும் பணத்தில் பங்கு பேசி வழக்கு எடுப்பதற்கும் வழக்கறிஞர் தொழில் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அன்றிலிருந்து இழப்பீடு என்ற பேச்சே ஏமாற்று வேலை என்று அவர் முடிவுகட்டிவிட்டார். மருத்துவமனை வாசலுக்கு அந்தத் தரகனுக்கு வழி தெரிந்தது. விவரம் தெரிந்த நல்லவர் ஒருவரும் போகவில்லை.

உள்ளே போய் ஒரு மைலோ டின்னை எடுத்து வந்தார். இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், போலீஸ் புகாரின் நகல், கடைசி மாதச் சம்பளத் தாள், ஈமச்சடங்கு ரசீது எல்லாம் அதில் இருந்தன. வழக்குக்குத் தேவை என்று நான் பாடத்தில் எழுதி வைத்த பட்டியலில் இருந்த ஏறக்குறைய எல்லாத் தாளும்.

ஒரு நல்ல செய்தியும் கேட்டோம். அவருக்குப் பெர்க்கேசோவிலிருந்து மாதந்தோறும் உதவித்தொகை வருகிறது. வேலையிடத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட பயணத்தில் நேரும் விபத்து, 1969-ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வேலையிட விபத்தாகவே கருதப்படுகிறது. நடந்து போனாலும் அப்படித்தான். அவரைச் சார்ந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்த குமாஸ்தாப் பெண் ஒருவர் தாமாக வீட்டுக்கு வந்து பாரங்களை நிரப்பி, கையொப்பம் வாங்கிப் போயிருக்கிறார். அந்தப் பணத்தில்தான் மூத்த பிள்ளை பாலிடெக்னிக் வரை போயிருக்கிறாள். விவரம் தெரிந்த ஒருவர் ஒரு நாள் வந்து போனதன் பயன் அது.

புறப்படும்போது அப்பா கைகூப்பினார். அந்த அம்மா, "அன்னைக்கு அவரை மடியில வச்சிருந்தீங்கன்னு போலீஸ்காரர் சொன்னாரு" என்று மட்டும் சொன்னார். வரும் வழியில் அப்பா எதுவும் பேசவில்லை.

நாம் செய்யக்கூடியது

நம் சங்கத்தில் சட்டம் படிப்பவர்கள் சிலரே. ஆயினும் இதற்குச் சட்டப் பட்டம் தேவையில்லை. உங்கள் ஊரில் இப்படி ஒரு மரணம் நிகழ்ந்தால், மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போகும்போது கீழ்க்கண்டவற்றைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒன்று: நீதிமன்றத்தில் ஓட்டுநர் கட்டும் அபராதம் இழப்பீடு ஆகாது. இரண்டும் வேறு வழக்குகள்.

இரண்டு: போலீஸ் புகாரின் நகல், மோதிய வாகனத்தின் பதிவு எண், இறப்புச் சான்றிதழ், சம்பளத் தாள், ரசீதுகள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும்.

மூன்று: வாசலுக்கு வரும் தரகரிடம் எதிலும் கையொப்பமிடக் கூடாது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அரசாங்கச் சட்ட உதவித் துறையையோ நாடி, எங்கே போகலாம் என்று கேட்க வேண்டும்.

நான்கு: வேலைக்குப் போகும்போதோ வரும்போதோ நேர்ந்தது என்றால் பெர்க்கேசோவுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

ஓட்டுநரின் வீட்டுக்கும் போக வேண்டியிருந்தால், அவருக்கும் இதைச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையொப்பமிட வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் எந்தப் பிரிவு, குறைந்தபட்சத் தண்டனை என்ன என்று கேட்டறிய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அவர்களைக் கேட்காமல் தொகை எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். துக்கம் விசாரிக்கப் போவதைச் சட்டம் தடுக்கவில்லை. தம் காப்புறுதி விவரத்தை அந்தக் குடும்பத்துக்குத் தெரிவிப்பதையும் அது தடுக்கவில்லை. உண்மையில் அந்த விவரத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டியது அவர் கடமை. நாங்கள் அதைச் செய்யவில்லை. தெரியாமல் செய்யவில்லை என்பது உண்மைதான். அந்தக் குடும்பத்துக்கு அதனால் நட்டம் குறையவில்லை.

ஐந்தாவது ஒன்று இருக்கிறது. பழைய மரணங்களைப் பற்றிப் பேச்சு வரும்போது நான் இப்போது முதலில் கேட்பது அதைத்தான்: அவர் இறந்த தேதி என்ன? மூன்றாண்டு ஆகவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. இதைப் படிக்கும் உங்களுக்கு அப்படி ஒரு குடும்பத்தைத் தெரிந்திருந்தால், இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள்.